விடுதலையைப் பாடமாக நடத்தும் ஒரு படிப்பு: 10 வாரங்களுக்குப் பிறகு

கல்வியும் பண்பாடும் ஒரு நாட்டின் அரசியல் சுதந்திரத்தை எவ்வாறு வடிவமைக்கின்றன என்ற பொருளில் இணையவழியில் நடத்தப்படும் 10 வாரப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரத்துக்கு நான்கு காணொளி விரிவுரைகள், ஒரு மூல ஆவணத் தொகுப்பு, கணினியே திருத்தும் ஒரு சிறு தேர்வு, இரண்டு வாரங்களுக்கு ஒரு கட்டுரை என்பது அதன் அமைப்பு. நடத்தும் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வந்துவிட்டால் பேச்சு பொருளை விட்டு விலகி நிறுவனத்தின் நன்மை தீமைகளுக்குப் போய்விடும். இந்தப் பொருளோ அப்படி நழுவவிடக் கூடியது அல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் பற்றிய வாரங்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றிலும் நான்காம் வாரம் மிக நன்றாக இருக்கிறது, பண்பாடு பற்றிய மூன்று வாரங்கள் எதிர்பார்த்த ஆழத்துக்கு இறங்கவில்லை, தேர்வு முறையோ படிப்பு சொல்லும் கருத்துக்கே பகையாக நிற்கிறது. இப்படி மதிப்பிட நான் வெளியிலிருந்து அளவுகோல் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் படித்த இடத்தில் ஆசிரியரை மறுத்துப் பேச அவர்களுக்கு இடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்று முதல் விரிவுரையிலேயே விரிவுரையாளர் சொல்கிறார். அந்தக் கேள்வியை அவருடைய படிப்பிடமே கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதல் வாரம் 1792 ஏப்ரலில் தொடங்குகிறது. பிரெஞ்சு சட்டமன்றத்தின் முன் அதன் உறுப்பினரும் மெய்யியலாளருமான கோந்தோர்செ பொதுக்கல்வி பற்றிய தம் அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியாவுக்கு எதிரான போர் அறிவிப்புக்காக அந்த வாசிப்பு இடையில் நிறுத்தப்பட்டு மறுநாள் தொடர்கிறது. கல்வி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்ட அதே அறிக்கை, கற்பிக்கும் நிலையங்கள் அரசியல் அதிகாரத்தின் பிடியிலிருந்து இயன்ற அளவு விலகியிருக்க வேண்டும் என்றும், அரசின் கொள்கைக்கு மாறான கருத்தாகவே இருந்தாலும் அதைக் கற்பிப்பதைத் தடுக்க எந்த அதிகாரத்துக்கும் உரிமை இருக்கக் கூடாது என்றும் கேட்டது. செலவு அரசுடையது, பாடம் அரசுடையது அல்ல என்ற இந்தச் சிக்கலான ஏற்பாட்டை இன்றுவரை எந்த நாடும் முழுமையாகச் செய்துகாட்டியதாகத் தெரியவில்லை. அறிக்கை சட்டமாகவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1794 மார்ச்சில், எழுதியவர் சிறைக்குள் இறந்துகிடந்தார்.

கோந்தோர்செயை முதலில் நிறுத்திவிட்டு அடுத்த வாரமே பழைய ஜெர்மானிய முடியரசான பிரஷ்யாவுக்குப் போவது நல்ல உத்தி. இரண்டாம் பிரெடெரிக் 1763-இல் பிறப்பித்த பள்ளி ஆணை, சிறுவர்கள் ஐந்து வயதிலிருந்து பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனால் அந்த ஆணையின் கண்ணுக்குத் தெரிந்தது மதப் பற்றும் கீழ்ப்படிதலும் உள்ள குடிதானே தவிர, வாக்களிக்கும் குடிமகன் அல்ல. ஜப்பானில் 1890-இல் வெளியான பேரரசரின் கல்வி அருளாணை, பள்ளிகளில் சடங்குபோலத் தலைகுனிந்து கேட்கப்பட்ட ஒன்று. நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோவியத் ஆட்சி 1919 டிசம்பரில் 8 முதல் 50 வயது வரையுள்ள எல்லோரும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று ஆணையிட்டது. 9 முதல் 49 வயதினரில் 1897-இல் 28 விழுக்காடாக இருந்த எழுத்தறிவு, 1939-இல் 87 விழுக்காட்டை எட்டியது. அந்த எழுத்தறிவு உச்சத்தை நெருங்கிய 1937, 1938 ஆண்டுகளில்தான் ஸ்டாலின் ஆட்சி லட்சக்கணக்கானோரைக் கைதுசெய்தும் கொன்றும் நடத்திய பெரும் களையெடுப்பும் நடந்தது. மூன்று நாடுகளையும் ஒரே வாரத்துக்குள் அடுக்கியதால் ஜப்பானுக்கு ஒன்பது நிமிடங்களே கிடைத்திருக்கின்றன என்பது குறைதான். ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, படித்தவர் பெருகினால் சுதந்திரம் தானே வந்துசேரும் என்ற நம்பிக்கை கையோடு கழன்றுவிடுகிறது.

கழலாமல் மிச்சம் இருந்ததை மூன்றாம் வாரம் எடுத்துவிடுகிறது. 1933 மே 10 அன்று பெர்லினில் ஏறத்தாழ 20,000 நூல்கள் எரிக்கப்பட்டன. அதே நாளில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழக நகரங்களிலும் தீ மூட்டப்பட்டது. எரித்தவர்கள் படிக்காத கும்பல் அல்ல. திட்டமிட்டதும் பட்டியல் போட்டதும் தூக்கி வந்து போட்டதும் மாணவர் அமைப்புகள். பேராசிரியர்கள் சிலர் உரையாற்றினார்கள். அறிவியலிலும் மெய்யியலிலும் உலகம் வியந்து பார்த்த பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அவர்கள். விரிவுரையாளர் இங்கே ஏதும் விளக்காமல் ஒரு நிமிடம் போல அந்தப் படத்தையே திரையில் நிறுத்திவைக்கிறார். படிப்பு முழுவதிலும் அவர் பேசாமல் இருந்த இடம் அது ஒன்றுதான், சரியான இடமும்கூட.

ஆயினும் இந்த மூன்று வாரங்களின் வாதத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கீழ்ப்படிவதற்காகக் கற்பித்த எழுத்து, கீழ்ப்படிதலோடு நின்றுவிடுவதில்லை. சோவியத் பள்ளிகளில் படித்த அதே தலைமுறைகளிலிருந்து வந்தவர்கள்தான் பின்னாளில் தடைசெய்யப்பட்ட எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் அடுக்கிப் படியெடுத்து, கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். தென் கொரியாவில் சிங்மன் ரீயின் ஆட்சியில் பள்ளிகள் மக்களாட்சியின் சொற்களைக் கற்பித்தன, ஆட்சியோ 1960 மார்ச் தேர்தலில் அப்பட்டமாக மோசடி செய்தது. பாடநூலை மெய்யென்று எடுத்துக்கொண்ட மாணவர்கள் ஏப்ரலில் தெருவுக்கு வந்தார்கள், ரீ பதவி விலகினார். ஆட்சி என்ன நோக்கத்தோடு பள்ளி கட்டியது என்பது ஒரு கேள்வி. அதில் படித்தவர் படிப்பை எங்கே கொண்டுபோனார் என்பது மற்றொன்று. படிப்பு முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறது.

ஆய்வுலகின் பக்கத்தை மூன்றாம் வாரத்தின் கடைசி விரிவுரை தொட்டுச்செல்கிறது. கல்வி பெருகிய நாடுகளில் மக்களாட்சி நிலைப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட் 1959-இல் முன்வைத்த கருத்தும், நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் ஒரே நாட்டுக்குள் கல்வி கூடியபோது மக்களாட்சியும் கூடியதா என்று பார்த்தால் அந்தத் தொடர்பு மறைந்துவிடுகிறது என்று 2005-இல் பொருளியலாளர் அசெமோக்லுவும் உடன் ஆய்வாளர்களும் காட்டியதும் 15 நிமிடங்களில் முடிகின்றன. வரைபடங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் இரண்டாவது ஆய்வு எழுத்தறிவையோ பள்ளி ஆண்டுகளையோ எண்ணுகிறதே தவிர, வகுப்பறைக்குள் நடந்தது என்ன என்பதை எண்ணவில்லை, எண்ணவும் முடியாது என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லியிருக்கலாம்.

இனி நான்காம் வாரம். இந்த ஒரு வாரத்துக்காகவே படிப்பில் சேரலாம். எழுத்தறிவையே வாக்குரிமைக்கு வாயிற்கதவாக வைத்த நாடுகளைப் பற்றியது இது.

பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கு இல்லை என்ற விதி 1881-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1985 வரை நீடித்தது. அந்த விதி நடைமுறையில் இருந்த 1963-இல், வடகிழக்கில் உள்ள அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் கல்வியாளர் பவுலோ பிரெய்ரியின் குழு ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. நிறைவு வகுப்புக்குக் குடியரசுத் தலைவர் கூலார் நேரில் வந்தார். அது 1963 ஏப்ரல் 2. இதே முறையை நாடு முழுவதும் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். எழுதக் கற்ற ஒவ்வொருவரும் ஒரு புதிய வாக்காளர் என்ற கணக்கு, நில உடைமையாளர்களுக்கும் தெரிந்திருந்தது, படைத்தலைமைக்கும் தெரிந்திருந்தது. ஓராண்டு முடிவதற்குள், 1964 மார்ச் கடைசியில், இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. திட்டம் கைவிடப்பட்டது, பிரெய்ரி சிறை வைக்கப்பட்டு, பிறகு நாட்டை விட்டு வெளியேறி 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாடுகளிலேயே வாழ வேண்டியதாயிற்று.

அரசியல் வரலாற்றோடு நிறுத்தாமல், வகுப்பு எப்படி நடந்தது என்பதையும் ஒரு காணொளி காட்டுகிறது. பிரெய்ரியின் கற்றல் வட்டங்களில் பயன்பட்ட சொற்களில் ஒன்று செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ'. முதலில் எழுத்து வராது. கட்டுமான வேலை நடக்கும் ஒரு படம் வரும். படத்தைப் பார்த்து எல்லோரும் பேசுவார்கள். பேச்சு ஓய்ந்த பிறகே சொல் வரும், சொல் மூன்று அசைகளாக உடையும், 'தி' என்ற அசையோடு அதன் உறவுக்கார அசைகளான த, தெ, தொ, து வரிசையாக நிற்கும். 'ஜோ'வுக்கும் 'லோ'வுக்கும் அப்படியே. அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கி வேறு சொற்களைக் கட்டுவது கற்பவரின் வேலை. எந்தச் சொல்லைக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. விரிவுரையாளர் மேசைமேல் அட்டைகளைப் பரப்பி இதைச் செய்துகாட்டியபோது, அசை பிரித்துப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதா என்று முதலில் தோன்றியது. புதிது அசை பிரிப்பதில் இல்லை. பேச்சு முடியும் வரை எழுத்து காத்திருப்பதில்தான் இருக்கிறது.

அடுத்து அமெரிக்காவின் தென் மாநிலங்கள். தெற்கு கரோலினா 1740-இலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அடிமை முறை ஒழிந்த பிறகு, படிக்கத் தெரியுமா என்ற அதே கேள்வி வாக்குச்சாவடிக்கு முன்னால் போய் நின்றது. லூசியானாவில் 1964-இல் சில இடங்களில் பயன்படுத்தப்பட்ட தேர்வுத்தாள் ஒன்றைப் படிப்பு நமக்கு எழுதக் கொடுக்கிறது; ஐந்தாம் வகுப்பு வரை படித்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களுக்கான தாள் அது. 30 கேள்விகள், 10 நிமிடங்கள், ஒரு விடை தவறினால் தோல்வி.

நான் எழுதினேன். முதல் கேள்வியிலேயே தயங்கினேன்: இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றிக் கோடு வரையச் சொல்கிறது. வாக்கியத்துக்கு முன்னால் எண் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறதா, வாக்கியத்துக்குள் இருக்கும் எழுத்துகளில் ஒன்றையா? எண்ணைச் சுற்றினேன். இன்னொரு கேள்வி, வாக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக, ஆனால் சரியான வரிசையில் எழுதச் சொல்கிறது. தாளைத் திருப்பிவைத்து எழுதினேன். திருப்பிவைத்து எழுதியதால் என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வரிசை வலமிருந்து இடமாக வந்துவிட்டது. அது சரியா தவறா என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. நேரம் முடிந்தபோது 19-ஆம் கேள்வியில் இருந்தேன். பட்டப்படிப்பு முடித்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு அன்று வாக்கு இல்லை. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் இத்தகைய தேர்வுகளை நிறுத்தியது என்ற வரியை இதற்குமுன் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த 10 நிமிடங்களுக்குப் பிறகு படித்தது வேறு மாதிரி இருந்தது.

இந்தத் தாளை நம்மை எழுதவைத்த கையோடு படிப்பு ஜான்ஸ் தீவுக்கு அழைத்துப்போகிறது. தெற்கு கரோலினாவின் கரையோரத்தில் உள்ள அந்தத் தீவில் 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், 14 பெரியவர்களோடு ஓர் இரவு வகுப்பு தொடங்கியது. அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான செப்டிமா கிளார்க், கறுப்பின உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்த காரணத்தால் அதற்கு முந்தைய ஆண்டு தம் ஆசிரியர் பணியை இழந்தவர். வகுப்பெடுக்க வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியரே அல்லர், அழகுக்கலை தொழிலாளி. தொழில்முறை ஆசிரியர் வந்தால் பெரியவர்களைப் பிள்ளைகளைப்போல நடத்திவிடுவார் என்பதால் வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டபடி அவர் தொடங்கினார்: சிலருக்குத் தம் பெயரை எழுத வேண்டும், சிலருக்கு வெளியூர்ப் பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும், சிலருக்கு அஞ்சலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். அதிலிருந்து தொடங்கி, வாக்காளராகப் பதிவதற்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்த மாநில அரசமைப்பின் பத்திக்குப் போனார்கள். இந்தக் குடிமைப் பள்ளிகள் பின்னர் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. கற்பிப்பவர் கேட்டுத் தொடங்கினார் என்பதும், பிரெய்ரியின் வட்டத்தில் பேச்சுக்குப் பிறகே எழுத்து வந்தது என்பதும் ஒரே செய்தி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு இடங்களில், ஆறு ஆண்டு இடைவெளியில் நடந்தவை.

நான்காம் வாரத்துக்கு ஒரே ஒரு குறை. எழுத்தறிவை வாக்குக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்பதற்கு மிகப் பெரிய சான்றான இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு அதில் இடம் தரப்படவில்லை. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரியாதவருக்கு வாக்கு கூடாது என்று ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் எழுதியதை ஆவணத் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் எதிரே, 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18 விழுக்காடே இருந்த ஒரு நாடு, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று சொல்லி, 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்காகச் சின்னம் ஒட்டிய பெட்டிகளை வேட்பாளருக்கு ஒன்றாக வைத்து 1951-52-இல் தேர்தலை நடத்திமுடித்ததையும் வைத்திருக்க வேண்டும். அந்தத் தேர்தலின் மறுபக்கமும் பாடத்துக்கு உதவியிருக்கும்: இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். எழுத்து தெரியாதது அங்கே தடையாக இல்லை, பெயர் சொல்லாத வழக்கம் தடையாயிற்று. கல்வியைப் பற்றிய பாதியும் பண்பாட்டைப் பற்றிய பாதியும் சந்திக்கும் இடம் இதைவிட வேறெங்கே கிடைக்கும்?

அந்தச் சந்திப்பு இல்லாததால்தானோ என்னவோ, ஐந்து முதல் ஏழு வரையான பண்பாட்டு வாரங்கள் தனியாகத் தொங்குகின்றன. பண்பாடு என்ற சொல்லை விரிவுரையாளர் ஒரு விரிவுரையில் பழக்கவழக்கம் என்ற பொருளிலும், அடுத்ததில் மதம் என்ற பொருளிலும், அதற்கடுத்ததில் மொழி என்ற பொருளிலும் கையாளுகிறார். 1994-இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூவுக்கும் தென் கொரிய அரசியல் தலைவர் கிம் டே ஜுங்குக்கும் நடந்த விவாதம், அதாவது பண்பாடே ஒரு நாட்டின் விதி என்று ஒருவர் சொல்ல, ஆசிய மரபுக்குள்ளேயே மக்களாட்சிக்கான வேர்கள் இருக்கின்றன என்று மற்றவர் மறுத்த அந்த எழுத்துப் போர், ஒரு முழு வாரத்துக்குத் தகும். அதற்குக் கிடைத்தது அரை விரிவுரை. 1945 வரை ஒரே நாடாக, ஒரே மொழியும் ஒரே மரபும் கொண்டிருந்த கொரியா இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி 1987 ஜூன் போராட்டத்தின் வழியே நேரடித் தேர்தலுக்கு வந்ததும் மறு பாதி வராததும் இந்த விவாதத்தில் எத்தனை கனமான சான்று! பண்பாடே விதி என்றால் இரண்டு விதிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியைக் கேட்காமலேயே வாரம் முடிந்துவிடுகிறது.

மொழியைப் பற்றிய ஆறாம் வாரம் ஓரளவு ஈடுசெய்கிறது. 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசு லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதைத் தடைசெய்தது. 1904 வரை தடை நீடித்தது. ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தில் அரசு அச்சிட்டுக் கொடுத்த நூல்களை மக்கள் தொடவில்லை. எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷ்யாவில் அச்சிட்டு, மூட்டையிலும் வைக்கோல் வண்டியிலும் மறைத்துக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்குப் போனார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே, பெரும்பாலும் தாயிடம், ஒளித்துவைத்த நூலிலிருந்து படித்தார்கள். தாய் நூற்றுக்கொண்டிருக்க அருகில் பிள்ளை படிக்கும் ஒரு சிலையின் படம் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது, பாருங்கள். அரசு கட்டிய பள்ளியைப் புறக்கணித்த அந்த மக்களிடையே எழுத்தறிவு பேரரசின் சராசரியைவிடக் கூடுதலாகவே இருந்தது. 1989 ஆகஸ்ட் 23 அன்று மூன்று பால்டிக் நாடுகளின் குறுக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்ற ஏறத்தாழ 20 லட்சம் பேரின் வரிசைக்கு இந்த நூல் கடத்தியவர்களிடமிருந்து ஒரு கோடு இழுக்கலாம். விரிவுரையாளர் இழுக்கிறார், நம்பும்படியாகவே.

ஏழாம் வாரம் போட்ஸ்வானாவின் கோட்லா என்ற ஊர்ச்சபையைப் பற்றியது. 1966-இல் விடுதலை பெற்றபோது பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே இருந்த அந்நாடு தொடர்ந்து பல கட்சித் தேர்தல்களை நடத்திவந்திருக்கிறது. 58 ஆண்டு ஆண்ட கட்சி 2024-இல் தோற்றபோது அமைதியாகவே விலகியது. யாரும் எழுந்து தலைவரைக் குறைசொல்லலாம், தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்ற சபை மரபு இதற்கு உதவியிருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அந்தச் சபையில் நெடுங்காலம் பெண்கள் பேச முடியாது என்பதை விரிவுரை ஒரு துணைவாக்கியத்தில் கடந்துபோகிறது. மரபைப் புகழும்போது குரல் தாழ்ந்துவிடும் இந்த வழக்கம் படிப்பில் மட்டும் இருப்பதல்ல.

அதற்காக விரிவுரையாளரைக் குறைசொல்லிவிட்டு நானும் அதே குழியில் விழுந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். டென்மார்க்கில் 1844-இல் ரெடிங் என்ற ஊரில் தொடங்கிய மக்கள் உயர்பள்ளி, தேர்வோ பட்டமோ இல்லாமல் உழவர் வீட்டு இளைஞர்களுக்குப் பேச்சாலும் பாட்டாலும் வரலாற்றாலும் கற்பித்தது. 1849-ஆம் ஆண்டு அரசமைப்பு வந்தபோது அதைக் கையாளத் தயாரான மக்கள் இருந்ததற்கு இத்தகைய பள்ளிகளின் மனப்பாங்கு காரணம் என்று என் மூன்றாம் கட்டுரையில் எழுதினேன். கட்டுரைகளைச் சக மாணவர்களே திருத்துவார்கள். ஒருவர் என் பத்தியின் ஓரத்தில், 1849-இல் வாக்கு கிடைத்தது 30 வயது கடந்த, சொந்தக் குடும்பம் நடத்தும் ஆண்களுக்கு; பிறர் வீட்டில் வேலைசெய்து வாழ்ந்தவர்களுக்கு இல்லை, பெண்களுக்கு 1915-இல்தான்; நீங்கள் எழுதிய மக்கள் யார் என்று கேட்டிருந்தார். அதோடு, ஐந்து ஆண்டுக்கு முன் தொடங்கிய ஒரே ஒரு பள்ளி எப்படி ஒரு நாட்டைத் தயார்செய்திருக்கும் என்றும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. கட்டுரையை மாற்றி எழுதினேன். சக மாணவர் திருத்தும் முறை இந்தப் படிப்பின் உயிர் என்று தயங்காமல் சொல்வேன்.

அதே மதிப்பைக் கணினித் தேர்வுக்குத் தர முடியவில்லை. ஐந்தாம் வாரத் தேர்வின் ஏழாம் கேள்வி, அரசியல் சுதந்திரம் நிலைப்பதற்கு முதன்மையான காரணம் எது என்று கேட்டு, எழுத்தறிவு, ஆசிரியரின் தன்னாட்சி, குடிமைப் பண்பாடு, பொருளாதார வளர்ச்சி என நான்கு விடைகளைத் தருகிறது. முதல் வாரத்தை நினைவில் வைத்து இரண்டாவதைத் தேர்ந்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது, சரியான விடை மூன்றாவதாம். ஆய்வாளர்கள் 60 ஆண்டுகளாக முடிவுக்கு வராத ஒன்றுக்கு ஒரே விடை எப்படி இருக்கும் என்று கேட்டு, காரணங்களோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, விடைகள் பாடக்குழுவால் சரிபார்க்கப்பட்டவை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. லூசியானாத் தாளோடு இதை ஒப்பிடுவது மிகை. இங்கே யாருடைய வாக்கும் பறிபோகவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் சொன்னதே விடை என்ற அனுபவத்தை நான்காம் வாரத்தில் 10 நிமிடம் காட்டி நம்மை அதிரவைத்த படிப்பு, அடுத்த வாரமே அதை எந்த உறுத்தலும் இல்லாமல் தானே செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எட்டு, ஒன்பது, பத்து வாரங்கள் பெரும்பாலும் தொகுப்புரை. பத்தாம் வாரத்தைத் தவிர்த்தாலும் இழப்பில்லை. காணொளிகளின் உரைவடிவம் இயந்திரம் எழுதியது போலிருக்கிறது, கோந்தோர்செயின் பெயர் மூன்று விதமாக வருகிறது. மூல ஆவணத் தொகுப்பு மட்டும் மிகக் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. காணொளிகளுக்கு நேரமில்லாதவர்கள் அதை மட்டும் படித்தாலே படிப்பின் பாதி கிடைத்துவிடும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்கிறார்கள். கட்டுரை வாரங்களில் எனக்கு ஏழு மணி நேரம் ஆனது.

சேர நினைப்பவர்கள் வேலைப்பளு குறைந்த மாதமாகப் பார்த்துச் சேருங்கள், முதல் வாரம் முடிந்ததும் நேரே நான்காம் வாரத்துக்குப் போய்விட்டுப் பிறகு இரண்டாவதற்குத் திரும்புங்கள். இந்த வரிசையில் பிரஷ்யா கூடுதலாகப் புரிகிறது. சான்றிதழ் வேண்டுமானால் கணினித் தேர்வுகளில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும், அதற்கு விடைத்தாள் எதை விரும்புகிறது என்று ஊகித்து எழுதினால் போதும். நான் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு அந்தத் தேர்வுகளை எழுதவில்லை, ஆகவே என்னிடம் சான்றிதழ் இல்லை. என் கட்டுரையின் ஓரத்தில் கேள்வி எழுதியவரோடும் வேறு மூவரோடும் ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் கூடுகிறோம். இப்போது கோந்தோர்செயின் அறிக்கையை முதல் பத்தியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்; போன வாரம் இரண்டு பக்கம் தாண்டவில்லை.